அல்சர் என்று சொல்லிவைத்தது

பிப்ரவரி 6, செவ்வாய்

குவாதலஹாரா வந்து மூன்று நாள் ஆகிறது. மெக்சிகோவில் இது பெரிய ஊர். மகள் வீடு ஆறாவது மாடி. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கேன் தண்ணீர்தான். கோவில்பட்டியிலும் அப்படித்தான் என்றேன். மாப்பிள்ளை கிருபாகரன் சிரித்தார். மகள் செண்பகவல்லி சிரிக்கவில்லை.

விமான நிலையத்தில் மாப்பிள்ளை காரை எடுத்துவரப் போன ஐந்து நிமிடத்தில் அவள் சொன்னது: "அப்பா, அவருக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு அல்சர்னு சொல்லி வச்சிருக்கேன்."

"எந்த இடத்துல?"

"அல்சர்னா வயித்துலதாம்ப்பா."

சரி என்றேன். நான் குடியை நிறுத்தி ஒன்பது வருடம் இரண்டு மாதம் ஆகிறது. அது மாப்பிள்ளைக்குத் தெரியாது. குடித்தது தெரிந்தால்தானே நிறுத்தியது தெரியும்.

தினமும் நாலு வரி எழுதச் சொல்லி சூசைமாணிக்கம் அண்ணாச்சி இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தார். அவர் ரிட்டையர்டு கண்டக்டர். குடியை நிறுத்தியவர்கள் கோவில்பட்டியில் வியாழக்கிழமை தோறும் கூடுவோம். அந்தக் கூட்டத்தில் அவர்தான் மூத்தவர். "வெளியூரு, பேச ஆளிருக்காது. நோட்டுகிட்டப் பேசும்வே" என்றார்.

பிப்ரவரி 8, வியாழன்

அங்கே மாலை ஏழரை, கூட்டம் தொடங்கியிருக்கும். இங்கே காலை எட்டு. துணி காயப்போட்டேன்.

பிப்ரவரி 10, சனி

மாப்பிள்ளை நல்ல மனிதர். பெருந்துறைக்காரர். என் வயிற்றை நினைத்து அவரே எனக்குத் தனியாகச் சமைக்கிறார். ஐந்து நாளாகத் தயிர்ச் சோறும் உப்பில்லாத பருப்பும். இன்று அவருடைய அம்மா வீடியோவில் வந்து, மணத்தக்காளிக் கீரை கிடைக்குமா என்று விசாரித்தார்கள். கிடைக்காது என்று தெரிந்ததும் வருத்தப்பட்டார்கள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது, இல்லாத புண்ணுக்காக ஒரு அம்மாள் இவ்வளவு கவலைப்படுவது.

இரவுச் சாப்பாட்டில் மாப்பிள்ளை சொன்னார்: "மாமா, அடுத்த சனிக்கிழமைக்கு ஒரு டூர் புக் பண்ணியிருக்கேனுங்க. டெக்கீலான்னு இந்த ஊருச் சாராயம் காய்ச்சுற எடம். பழைய முறைங்க. பெரிய பாய்லர் இருக்குதுங்க. நீங்க பாய்லர்காரருன்னு சொல்லி உள்ள பாக்கத் தனியாக் கேட்டு வாங்கியிருக்கேனுங்க."

செண்பகம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புரை ஏறியது.

பிப்ரவரி 14, புதன்

"அன்னைக்குத் தலவலின்னு படுத்துருங்கப்பா" என்றாள்.

"அல்சரே இருக்கு. தலவலி வேறயா?"

"வெளையாடாதீங்க. அங்க போயி நிக்கணும்னு உங்களுக்கு என்ன?"

பாய்லர் பார்க்கவேண்டும் என்றேன். அது உண்மைதான்.

பிப்ரவரி 17, சனி

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மலை இறங்கியதும் சாலையின் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் கற்றாழை. நம் ஊரில் தண்டவாளத்து ஓரம் நிற்கிற ஆனைக்கற்றாழைக்குச் சொந்தம்போல் தெரிந்தது. இங்கே வரிசை பிடித்து நட்டிருக்கிறார்கள். ஊரின் பெயரே டெக்கீலாதான்.

சுற்றிக் காட்டிய பெண் பெயர் ஹிமேனா. நாங்கள் பதினான்கு பேர். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைச் செண்பகம் எனக்குத் தமிழில் சொன்னாள்.

முதலில் ஒருவர், நீளக் கம்பின் நுனியில் வட்டத் தகடு வைத்த கருவியால் ஒரு கற்றாழையின் மடல்களைச் சீவி எறிந்தார். நடுவில் பெரிய அன்னாசிப்பழம்போல ஒன்று மிஞ்சியது. அதிலிருந்துதான் எல்லாம். அது முற்ற ஏழு வருடம் ஆகுமாம். அவ்வளவு பொறுத்திருக்கத் தெரிந்தவனுக்குக் குடி எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றார். கேட்கவில்லை.

அதைப் பிளந்து செங்கல் சூளையில் அடுக்கி, இரண்டு நாள் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்த துண்டு ஒன்று தின்னக் கொடுத்தாள். சீனிக்கிழங்கைக் கருப்பட்டிப் பாகில் போட்டதுபோல் இருந்தது. ஒரே நார், சக்கையைத் துப்பவேண்டும். செண்பகம் ஹிமேனாவிடம், "இதுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். நான் இரண்டு துண்டு தின்றேன். பிறகு அதைக் கல்சக்கரத்தில் நசுக்கிச் சாறு எடுப்பதைக் காட்டினார்கள். செக்கு மாதிரிதான். மாட்டுக்குப் பதில் மோட்டார்.

அடுத்தது ஊறல் அறை. ஆள் உயர மரத்தொட்டிகள். மேலே நுரை. அடியில் தீ இல்லாமலே சோற்றுப்பானை கொதிக்கிற சத்தம். அந்த வாடை எனக்குத் தெரியும். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

குழு அங்கே நான்கு நிமிடம் நின்றது. நான் பதினோரு நிமிடம். செண்பகம் திரும்பி வந்து என் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தாள். பிராந்திக் கடை வாசலிலும் அவள் இப்படித்தான் இழுப்பாள். அப்போது என் இடுப்பு உயரம் இருந்தாள்.

பாய்லர் தனிக் கொட்டகையில் இருந்தது. பார்த்துக்கொள்பவர் பெயர் ரமோன். என் வயதிருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிய மொழி தெரியாது. நான் முதலில் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியைப் பார்த்தேன், பிறகுதான் பிரஷர் முள்ளைப் பார்த்தேன். அதைப் பார்த்ததும் அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியாள் எல்லோரும் முதலில் நெருப்பைத்தான் பார்ப்பார்கள். அடிக்கசடை வெளியேற்றும் வால்வைக் காட்டி, நீ திற என்று சைகை செய்தார். திறந்தேன். ஐந்து எண்ணினேன். மூடினேன். கை மறக்கவில்லை.

கோவில்பட்டி மில்லில் இருபத்திரண்டு வருடம் பாய்லர் பார்த்தேன். பிறகு என்னை வாசல் கேட்டுக் காவலுக்கு மாற்றினார்கள். உத்தரவில் காரணம் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் மறுத்திருக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு நீள மேசை. ஆளுக்கு மூன்று கண்ணாடிக் குவளை, ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் உயரம். ஒன்று தண்ணீர் நிறம், ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று தேன் நிறம். எனக்கு முன்னாலும் மூன்று வைத்தாள். செண்பகம் ஆங்கிலத்தில் அல்சர் என்றாள். ஹிமேனா சிரித்தபடி, இது வயிற்றுக்கு மருந்து, ஒரு முத்தம் கொடுப்பதுபோல் உதட்டில் வைத்தால் போதும் என்றாள்.

மாப்பிள்ளை என் பக்கம் குனிந்தார். "ஒரு வாய்தானுங்க மாமா. ஒண்ணும் ஆகாதுங்க. நீங்க வந்ததுலருந்து நான் எது குடுத்தாலும் வேண்டாம்னுட்டே இருக்கறீங்க. இத ஒண்ணு எனக்காக."

அவர் முகத்தில் கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணத்தோடு கொடுத்தவர்களிடம் தப்பித்திருக்கிறேன்.

தேன் நிறக் குவளை என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. செண்பகம் எதிரில் உட்கார்ந்து என் கையையே பார்த்தாள்.

"மாப்ள, எனக்கு அல்சர் கெடயாது."

"என்னங்க மாமா?"

"நான் குடிகாரன். ஒம்போது வருசம் ரெண்டு மாசமா நிப்பாட்டியிருக்கேன். ஒரு வாய் குடிச்சா ஒரு வாயோட நிக்காது. அதான்."

குவளையைக் கீழே வைத்தேன். மேசையில் இருந்த மற்ற பதினொரு பேரும் எங்களைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார்கள். ஹிமேனா, என்ன சொன்னார் என்று செண்பகத்திடம் கேட்டாள். செண்பகம் மொழிபெயர்க்கவில்லை. எங்கள் ஊர் வாழ்த்து ஏதோ சொல்லியிருக்கிறேன் என்று ஹிமேனா நினைத்துக்கொண்டாள். "சலூத்!" என்று குவளையைத் தூக்கினாள். எல்லோரும் என்னைப் பார்த்துத் தூக்கிக் குடித்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

காரில் திரும்பினோம். டிக்கியில் ஒரு பாட்டில் இருந்தது. மேசைக்கு வரும் முன்பே மாப்பிள்ளை வாங்கி வைத்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

மாப்பிள்ளை ஹாலில் படுத்திருந்தார். எழுந்ததும் கிரிக்கெட் விளையாடப் போனார், மாலைதான் வந்தார். பாட்டில் ஃப்ரிட்ஜின் மேல் இருக்கிறது. எழுநூற்றைம்பது மில்லி.

பிப்ரவரி 19, திங்கள்

யாரும் பேசவில்லை. சாம்பாரில் காரம் இருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

செண்பகம் பேசினாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"உங்கள யாருப்பா கேட்டா? வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எந்திரிச்சு வந்திருக்கலாம்ல? பொண்ணு பாக்க வந்தப்ப அவங்கம்மா கேட்ட ஒரே கேள்வி, வீட்ல யாரும் குடிப்பாங்களாங்கறதுதான். நாலு வருசமா நான் காப்பாத்திட்டு வந்தத ஒரு மேசையில போட்டு ஒடச்சிட்டீங்க. இப்ப அவரு, இன்னும் என்னவெல்லாம் மறச்சன்னு கேக்காரு. நான் என்ன சொல்ல?"

அவளுடைய சுடிதாரை மடித்துக் கொடுத்தேன். வாங்காமல் போய்விட்டாள்.

டிக்கெட்டை முன்னால் மாற்ற முடியுமா என்று பார்க்கவேண்டும். எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. அதற்கும் அவளிடம்தான் கேட்கவேண்டும்.

பிப்ரவரி 21, புதன்

காலையில் மாப்பிள்ளை டீ போட்டு எடுத்துவந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். செண்பகம் குளித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கூட்லயும் ஒருத்தருக்கு அல்சருங்க மாமா" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"எங்கப்பாவுக்குங்க. சாயங்காலம் ஏழு மணியானா ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்திக்குவாரு. அம்மா டிவி சத்தத்தக் கூட்டி வெச்சிருவாங்க. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லருந்து இதானுங்க. ஒரு நாளு கூட எங்கூட்ல அதப் பத்திப் பேசுனதில்லைங்க. பொண்ணு பாக்க வந்து, உங்க வீட்ல குடிப்பாங்களான்னு எங்கம்மா கேட்டப்ப நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"செண்பகத்துகிட்ட சொன்னீங்களா?"

"நேத்து ராத்திரி சொன்னேனுங்க. ரெண்டு பேரும் நாலு வருசமா ஒரே பொய்யத்தான் சொல்லியிருக்கோம்."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அழுதாளாம், பிறகு அவர் தலையணையை ஹாலிலிருந்து எடுத்து உள்ளே வைத்தாளாம். "உங்க மேல இருக்கற கோவம் மட்டும் கொறையலைங்க மாமா" என்றார்.

டீயைக் குடித்து முடித்த பிறகு கேட்டார்: "அறுபத்தாறு வயசுல நிறுத்த முடியுங்களா?"

"தெரியல மாப்ள. நான் நிப்பாட்டுனப்ப எனக்கு அம்பத்தி நாலு."

பிப்ரவரி 22, வியாழன்

எட்டு மணிக்கு இருவரும் அலுவலகம் போய்விட்டார்கள். செண்பகம் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

எட்டு பத்து. ஃப்ரிட்ஜின் மேல் தூசி இருந்தது. துடைப்பதற்காகப் பாட்டிலை இறக்கினேன்.

எட்டு பதினைந்து. துடைத்து முடித்தேன். பாட்டிலைத் திரும்ப வைக்கவில்லை.

எட்டு இருபது. மூடி திருகுகிற மூடி இல்லை. தக்கை. இழுக்கவேண்டும். எப்படித் தெரியும் என்று எழுதவேண்டியதில்லை.

எட்டு இருபத்தைந்துக்கு சூசை அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கூட்டத்தில் இருந்தார். "இரும், ஸ்பீக்கர்ல போடுதேன்" என்றார். ஏழெட்டுப் பேர் "என்ன பேச்சிமுத்து அண்ணே, சௌக்கியமா?" என்றார்கள். ஒருவர், அங்கே என்ன சாப்பாடு என்று கேட்டார். அண்ணாச்சி அவரை அடக்கினார்.

"தொறந்தாச்சா?"

"தொறந்தாச்சு."

"வாயில பட்டுச்சா?"

"இல்ல."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"ஒருத்தருமில்ல. மக ஆபீஸ் போயிட்டா."

"அவளக் கூப்பிடும்."

"அவ எங்கூடப் பேச மாட்டா அண்ணாச்சி."

"பேசவா சொன்னேன்? வரச் சொல்லும்வே. அது வரைக்கும் நாங்க லைன்லயே இருக்கோம்."

அவள் நம்பருக்கு மெசேஜ் அனுப்பினேன். 'பாட்டில் கையில் இருக்கிறது. வா.' வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. அவள் வரும்வரை கோவில்பட்டியில் ஏழெட்டுப் பேர் வரிசையாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் புதுக் கூரை போட்டது, யாரோ வீட்டுக் கன்றுக்குட்டி கிணற்றில் விழுந்து எடுத்தது. நான் ம் கொட்டினேன். இருபத்தெட்டு நிமிடம்.

கதவு திறந்தது. செண்பகம் பையைக் கழற்றாமல் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். போனைப் பார்த்து, "நான் வந்துட்டேன் மாமா" என்றாள். "சரி தாயி" என்று அண்ணாச்சி வைத்துவிட்டார்.

"குடிச்சீங்களா?"

"இல்ல."

"குடிக்கணும் போல இருக்கா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"முழுசும்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. இரண்டையும் அவள் நிறுத்தவில்லை.

"எனக்கு இது தெரியாதுப்பா" என்றாள். "நிறுத்திட்டீங்கன்னா நிறுத்தினதுதான்னு நெனச்சேன். இன்னும் தெனமும் இப்படித்தானா?"

"தெனமும் இல்ல. சில நாளு மறந்தே போகும். இந்த மாசம் கொஞ்சம் அதிகம்."

பிறகு அவள், "ஹாஸ்டல் வாசல்ல வந்து நின்னீங்களே" என்றாள்.

திருநெல்வேலியில் அவள் கல்லூரி இரண்டாம் வருடம். பிறந்தநாளுக்குக் கடலைமிட்டாய் கொண்டு போனேன். ஆனால் வழியில் ஓர் இடத்தில் இறங்கிவிட்டுத்தான் போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தேன். வாட்ச்மேன் அவளைக் கூப்பிட்டான். வார்டன் அம்மா, இது உங்கப்பாவா என்று கேட்டார்கள். அவள், "இல்ல மேடம், எங்க தெருக்காரரு" என்றாள். நான் எழுந்து நின்று, "ஆமா மேடம், தெருக்காரன்தான்" என்றேன். சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டேன்.

அன்றோடு நிறுத்தியிருந்தால் கேட்க நன்றாக இருக்கும். அதன் பிறகும் மூன்று வருடம் குடித்தேன்.

"நான் அப்படிச் சொன்னதுக்கு நீங்க ஒரு நாளு கூட என்ன ஒண்ணும் கேக்கல" என்றாள்.

"நீ சொன்னது சரிதான். அன்னைக்கு நான் அப்பனா வரலயே."

"சரியில்லப்பா. எனக்கு அது சரியே இல்ல. பதிமூணு வருசமா சரியில்ல."

அவள் தக்கையை எடுத்து பாட்டிலை மூடினாள். சிங்கில் கொட்டப் போனாள். கொட்டாதே, வீடெல்லாம் வாடை அடிக்கும், நான் இங்கே தூங்கவேண்டும் என்றேன். அவள் அப்படியே எடுத்துக்கொண்டு லிஃப்டில் கீழே போனாள். வெறும் கையோடு வந்தாள். என்ன செய்தாள் என்று கேட்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. மதியம் மிளகு ரசம் வைத்தோம். எனக்கு ஊறுகாயும் கிடைத்தது. சாப்பிட்டுவிட்டு அவள் சோபாவில் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பிப்ரவரி 26, திங்கள்

டிக்கெட் மாற்றச் சொல்லலாமா என்று இருந்தேன் என்றேன். "ஏப்ரல் வரைக்கும் இருங்க" என்றாள். அதட்டலாகத்தான் சொன்னாள்.

மார்ச் 3, ஞாயிறு

காலை ஏழு இருபது. பெருந்துறையில் மாலை ஏழாகப் பத்து நிமிடம். மாப்பிள்ளை தன் அப்பாவுக்கு வீடியோவில் கூப்பிட்டார். "மாமா பேசறாருங்கப்பா" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார். முன்கூட்டி என்னிடம் சொல்லவில்லை.

சம்பந்தி சென்னியப்பன் அறைக்குள் இருந்தார். பின்னால் டிவி சத்தம் கேட்டது. அங்கே குளிரா என்று கேட்டார். நம் ஊர் மார்கழி மாதிரி என்றேன். மழை உண்டா என்றேன். இல்லை என்றார். இருவரும் அதோடு நின்றோம்.

"கிருபா சொன்னானுங்க. உங்களப் பத்தி" என்றார்.

"சரிங்க."

"ஒம்போது வருசம்ங்கறான்."

"ஆமாங்க."

அவர் வைக்கவும் இல்லை, நானும் வைக்கவில்லை.

"மொத நாளு எப்படிங்க இருந்துச்சு?"

"ரொம்ப மோசங்க."

"ரெண்டாம் நாளுங்க?"

"அது அத விட மோசம்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. "மூணாம் நாளு?" என்றார்.

"மூணாம் நாளு வெயிலடிச்சுது. பக்கத்து வீட்ல வத்தல் காயப் போட்டாங்க. அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

டிவி சத்தம் கூடியது. யாரோ கூட்டி வைத்திருக்கிறார்கள்.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நீங்க போற கூட்டம் மாதிரி இங்க பக்கத்துல எங்கியாச்சும் இருக்குங்களா?"

"ஈரோட்டுல இருக்குங்க. அண்ணாச்சிகிட்ட விசாரிச்சு நம்பர் வாங்கி வச்சிருக்கேன்."

"இருங்க. பேனா எடுத்தாறேன்."

போனைக் கட்டிலில் போட்டுவிட்டுப் போனார். திரையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அந்த அலமாரியில் வேறு என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஏழு மணி தாண்டிவிட்டது. பால்கனியிலிருந்து மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சைகை காட்டவில்லை.

நான்கு நிமிடம் ஆயிற்று. பிறகு அவர் முகம் திரையில் வந்தது. காலண்டர் தாளைக் கிழித்து மடித்து வைத்திருந்தார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

"சொல்லுங்க" என்றார்.

ஒவ்வொரு எண்ணாக, அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.